வேகவைத்த கூழாங்கற்கள்

"எங்க இருக்க?" என்றுதான் அண்ணி ஆரம்பித்தாள்.

"பஸ்ல இருக்கேன் அண்ணி."

"பஸ்ல எங்க?"

"பாலம் தாண்டியாச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ வா."

"ஒண்ணும் ஆகலன்னா எதுக்குக் காலங்காத்தால போன் பண்றீங்க?"

"ஏன், பண்ணக் கூடாதா? நாத்தனாருக்குப் போன் பண்ணக் காரணம் சொல்லி உத்தரவு வாங்கணுமா?"

எகத்தாளம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நடுவில் பல் தந்தியடிக்கும் சத்தமும் கேட்டது. அவ்வளவு புழுக்கத்தில் யாருக்கும் குளிர வாய்ப்பில்லை.

"அண்ணி, அழறீங்களா?"

"அழுதா குஞ்சு எழுந்து நீந்துமா?" பின்னால் பம்பு ஓடும் இரைச்சல் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எல்லாம் அடியில உக்காந்துடுச்சுடி. நேத்து சாயங்காலம் தொட்டி முழுக்க புகை மாதிரி சுத்திட்டு இருந்துச்சு. இப்ப டார்ச் அடிச்சுப் பாக்கறேன், தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. அடியில மட்டும் மாவு கொட்டினாப்பல வெள்ளையா இருக்கு."

"தூங்குதோ என்னவோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள் நாத்தனார்.

"விடிஞ்சப்புறமும் தூங்கறதுக்கு சிப்பிக் குஞ்சு என்ன உங்கண்ணனா?" என்றாள் அண்ணி. சிரிக்கவில்லை. "வந்ததும் நேரா உள்ள வராத. கையக் கழுவு. முழங்கை வரைக்கும் கழுவு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இந்தப் பெண் ஏன் இப்படி வெளிறிப்போனாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் எல்லாம் தெரிந்து வைத்திருப்பாள் என்பதற்காக அண்ணி வைத்த பெயர் அது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டாள்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். கடலோரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே உணவுக்கான சிப்பிகளைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். தாய்ச் சிப்பிகளை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் முட்டையைத் தண்ணீரில் விடும். ஒரு நாளைக்குள் அது உப்புக்கல்லைவிடச் சின்னக் குஞ்சாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத மயிர்களை ஆட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் நீந்தும். கால் முளைத்த பிறகு ஓட்டுத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஓடுகளை மிதவைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்க் கடலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். அண்ணனும் ஒரு மிதவைக்காரன்தான். குஞ்சுத் தொட்டிகள் இருக்கும் அறை முழுக்க அண்ணியின் பொறுப்பு. மைக்ரோஸ்கோப் இருக்கும் மூலை அமுக்குணியின் பொறுப்பு. படித்த படிப்புக்கு நகரத்தில் வேலை கிடைத்தும் அவள் ஊரோடு தங்கிவிட்டதற்குக் காரணம் கேட்டால், "அங்க பேசிட்டே இருக்கணும்" என்பாள்.

அண்ணியைக் குஞ்சு பொரிப்பகத்தில் எல்லோரும் சோப்பக்கா என்றார்கள். பயம் என்பது சிலருக்கு வந்து போகும். அண்ணிக்கு அது குடும்ப உறுப்பினர் மாதிரி கூடவே இருந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். இடி இடித்தால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அண்ணனிடம் நீட்டி, "யாரோ செத்துட்டாங்க, கேளுங்க" என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அண்ணன் கேலி செய்வான். "இருட்டுல பேய் இல்லன்னு நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் கிருமி. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஊசி போட வந்த நர்ஸ், போகிற போக்கில் "கையக் கழுவாமத் தூக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. குழந்தைக்குச் சரியாகிவிட்டது. இப்போது கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு, அம்மாவுக்கு போன் செய்யும்போதெல்லாம் "போனத் துடைச்சுட்டுப் பேசும்மா" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் நர்ஸ் கேட்ட கேள்வி மட்டும் அண்ணிக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவள் கை விரல்களின் தோல் எப்போதும் உரிந்து, வெள்ளையாக, வேறு யாருடைய கையோ போல இருக்கும்.

குஞ்சறை வேலைக்கு அந்தப் பயம் தோதாக அமைந்துவிட்டது. ஈ எறும்பு அண்டாமல் வைத்திருந்தாள். சல்லடைக்கொரு துணி, தொட்டிக்கொரு வாளி. ஒரு தொட்டியின் வாளி இன்னொரு தொட்டிக்குப் போனால் அன்று வீடு இரண்டாகிவிடும். மானேஜரையே செருப்பைக் கழற்ற வைத்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் வெயில் காலம் முடியவே இல்லை. முடிய வேண்டிய மாதம் வந்தது, போனது. கடல் ஆறவில்லை. அண்ணன் மிதவையிலிருந்து திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். "தண்ணியில கால வெச்சா யாரோ குளிக்கக் காயவெச்ச மாதிரி இருக்கு" என்பான். கயிற்றில் தொங்கிய சிப்பிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உயிருள்ள சிப்பியை விரலால் தட்டினால் டக்கென்று மூடிக்கொள்ளும். அவன் தட்டித் தட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் மூடவில்லை. மிதவைக்காரர்கள் எல்லோரும் ஒரே ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள். பொரிப்பகத்திலிருந்து புதுக் குஞ்சு வந்துவிட்டால், செத்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு கட்டிவிடலாம்.

பொரிப்பகத்தின் முதல் தொகுதி அந்தச் சூட்டிலேயே போய்விட்டது. குஞ்சுகள் ஒரே இரவில் போகவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீந்தும் மயிர்கள் உதிர்ந்து, குஞ்சு ஒரே இடத்தில் பம்பரம் சாயும்போது சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பொடிப்பொடியாகக் கிருமிகள். அமுக்குணி அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. அண்ணி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், நிமிர்ந்தாள், கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் பொரிப்பகமே ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. தொட்டி, குழாய், குழாயின் வளைவு, வளைவுக்குள் பிரஷ் போகாத இடம் என்று ஒன்றையும் அண்ணி விட்டுவைக்கவில்லை. கடைசியாக அவள் கண் கூழாங்கல் பெட்டியில் விழுந்தது. கடலிலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பெட்டி வழியாக ஊறித்தான் குஞ்சுத் தொட்டிக்குப் போகும். பல வருஷமாக ஊறிய கற்கள். பழுப்பும் பச்சையுமாக வழவழவென்றிருக்கும். மூடியைத் திறந்தால் சேற்று வாசனை அடிக்கும். இத்தனை நாள் இந்த அழுக்கு வழியாகவா குஞ்சுகளுக்குத் தண்ணீர் போனது என்று அண்ணி இரண்டடி பின்வாங்கினாள். பிளீச்சிங் போட்டால் கல்லிடுக்கில் தங்கும் என்று யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் போனாள். டீ போடும் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, கற்களைத் தவணை தவணையாக வேகவைத்தாள். அண்டாவின் ஒரு காதை அமுக்குணிதான் பிடித்துத் தூக்கினாள். படித்தவள்தான். இது தப்பு என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை.

வெந்த கற்கள் வெள்ளை வெளேரென்று, கடையில் புதிதாக வாங்கியவை மாதிரி இருந்தன.

பஸ்ஸில் போன் வந்தது இரண்டாவது தொகுதி செத்த காலையில்தான். முதல் தொகுதி நாட்கணக்கில் செத்தது. இது ஒரே ராத்திரியில்.

நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எல்லோரும் சிப்பி டாக்டர் என்றார்கள். தோளில் பை, பைக்குள் எப்போதும் பிஸ்கட். செத்த குஞ்சுகளைத் தட்டில் தடவி, அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை வந்தபோது, மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"சூடு ஏறினா சிப்பி இளைக்கும், கிருமி கொழுக்கும். கடல்லயும் அதேதான் நடக்குது. ஆனா இங்க ஏன் ஒரே ராத்திரியில முடிஞ்சிதுன்னுதான் புரியல. இவ்வளவு சுத்தமான குஞ்சறைய நான் பாத்ததே இல்ல."

அண்ணிக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "இன்னொண்ணையும் பாருங்க டாக்டர்" என்று அவளே எழுந்து போய்க் கூழாங்கல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். "முத்து மாதிரி வெச்சிருக்கேன்."

டாக்டர் ஒரு கல்லை எடுத்தாள். விரலால் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். "வாசனையே இல்லையே. எதைப் போட்டுக் கழுவினீங்க?"

"கழுவல டாக்டர். வேகவெச்சேன்."

"என்ன பண்ணீங்க?"

"அண்டாவுல போட்டு வேகவெச்சேன். கொதி வந்தப்புறமும் நல்லா நேரம் விட்டுத்தான் இறக்கினேன்."

"எந்த அண்டா?" என்று மானேஜர் கேட்டார். "டீ போடுற அண்டாவா? அதுல நான் தினம் டீ குடிக்கறேனே அம்மா!"

வேறொரு நாளாக இருந்தால் அந்த அறையே சிரித்திருக்கும். டாக்டர் கல்லைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது மாதிரி வைத்தாள். அதைப் பார்த்ததும் அமுக்குணி அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அந்த வழவழப்பு இருந்துச்சில்ல, அதுவும் கிருமிதான்" என்றாள் டாக்டர். "ஆனா குடித்தனக்காரக் கிருமி. மெதுவா வளரும், மெதுவாத் தின்னும், வர்ற தண்ணியில இருக்கற எச்சத்தையெல்லாம் தின்னு தீத்துடும். ரவுடிக் கிருமிக்கு ஒண்ணும் மிச்சம் வெக்காது. ரவுடி எப்பவும் கடல்ல இருக்கத்தான் இருக்கு. எடம் கிடைக்காம ஓரமா நிக்கும். நீங்க குடித்தனக்காரங்களையெல்லாம் காலி பண்ணிட்டீங்க. காலி வீடு. உள்ள ஆக்கி வெச்ச சாப்பாடு. போதாக்குறைக்கு இந்தச் சூடு. யாரு முதல்ல ஓடி வருவா, சொல்லுங்க?"

மானேஜர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"முதல் தொகுதிய நீங்க கொல்லல. அது கடலோட சூடு. ரெண்டாவது..." என்று ஆரம்பித்து, டாக்டர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முடிக்காமல் விட்ட அந்த வார்த்தைதான் அண்ணியை அடித்தது.

பின்கட்டுக் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அமுக்குணி போய்ப் பார்த்தாள். அண்ணி சோப்பு போட்டாள், கழுவினாள், மறுபடி சோப்பு போட்டாள். "கழுவினதாலதான் செத்துச்சுன்னு சொல்லிட்டா" என்றாள் திரும்பாமலே. "கழுவலன்னாலும் தப்புங்கறாங்க, கழுவினாலும் தப்புங்கறாங்க. நான் இந்தக் கைய வெச்சுக்கிட்டு என்னதான்டி பண்றது?" அமுக்குணி குழாயை மூடினாள். அண்ணி திறந்தாள். மறுபடி மூடினாள்.

மூன்றாவது தொகுதிதான் கடைசி. தாய்ச் சிப்பிகளில் முட்டை வைத்திருந்தவை கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன. இதுவும் போனால் இந்தப் பருவமே இல்லை, கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள் என்று மானேஜர் சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணனின் மிதவையில் வெறுங்கயிறுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் அண்ணி மிதவையை நினைக்கவில்லை, சம்பளத்தை நினைக்கவில்லை. தன் கை பட்டது பிழைக்காது என்ற ஒரே எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் சாப்பாடு பரிமாறுவதைக்கூட நிறுத்திவிட்டாள். "நீங்களே போட்டுக்கங்க" என்று தள்ளி நின்றுகொள்வாள். அண்ணன் முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை.

தாய்ச் சிப்பித் தொட்டி கட்டடத்துக்குப் பின்னால் தனியாக இருந்தது. அதற்கும் ஒரு கூழாங்கல் பெட்டி உண்டு. மூடியின் திருகு துருப்பிடித்து இறுகிப்போனதால் அண்ணியின் கை அதை எட்டவில்லை. அதனால் அது தப்பித்திருந்தது. அந்தக் கற்களைக் கொண்டுவந்து குஞ்சுப் பெட்டியில் போடச் சொன்னாள் டாக்டர்.

"அதுலயும் ரவுடி இருந்தா?" என்று அமுக்குணி கேட்டாள். அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தட்டுல வளத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குள்ள இந்தச் சூட்டுல தாய்ச் சிப்பி தானா முட்டைய விட்டுடும், இல்ல செத்துடும். உங்களுக்கு வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி இல்லை. திருகை அறுத்து மூடியைத் திறந்தார்கள். உள்ளே கருப்பும் பச்சையுமாக ஊறிக் கிடந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. ஒரு புழு நெளிந்து கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கற்களை யார் எடுத்துப் போடுவது என்ற பேச்சு வந்தபோது அமுக்குணி கையுறையை எடுத்தாள். அண்ணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "என் அறைக்கு நான்தான் போடுவேன். நீ போட்டு செத்துச்சுன்னா அந்தப் பழியையும் சேத்து நான் சுமக்கணுமா?"

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டாள். போடும்போது, வீட்டுக்குப் புதுசாகக் குடிவருகிறவர்களிடம் பேசுவதுபோல முணுமுணுத்தாள். "உள்ள போங்க. இருந்துக்கங்க. ஆனா ஒழுங்கா இருக்கணும், சொல்லிட்டேன். குஞ்சு மேல கைய வெச்சீங்க, மறுபடியும் அண்டாதான்." பின்னால் நின்ற மானேஜர், "அந்த அண்டாவ நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்மா" என்றார். அண்ணியின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாளா, குமட்டினாளா என்று தெரியவில்லை.

முட்டை பொரிந்தது. குஞ்சு நீந்தியது. அதன்பிறகு அண்ணி தொட்டியைத் தொடவே இல்லை. பச்சைப் பாசி கலந்த தீனித் தண்ணீர் ஊற்றுவது, சல்லடையில் வடிப்பது எல்லாம் அமுக்குணி. அண்ணி முக்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பம்பின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து நிற்பாள். "நீங்க இப்படிப் பாத்துட்டே இருந்தா அதுங்களுக்கே பயம் வந்துடும் அண்ணி" என்று ஒருநாள் அமுக்குணி சொல்லிப் பார்த்தாள். "வரட்டும். பயந்த பிள்ளைதான் பொழைக்கும்" என்றாள் அண்ணி. கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது தொகுதி செத்த அதே வயதை இந்தக் குஞ்சுகளும் எட்டின. அதற்கு முந்தின சாயங்காலம் கரண்ட் போய், டாக்டர் சொல்லி வாடகைக்கு எடுத்திருந்த தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் தொட்டியில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. காலையில் அமுக்குணி உள்ளே வந்தபோது அண்ணி டார்ச்சைத் தொட்டிக்கு மேல் பிடித்தபடி நின்றிருந்தாள். தண்ணீர் கண்ணாடியாக இல்லை. கலங்கலாக, வெண்மையாக இருந்தது. அது குஞ்சுகள் நீந்துவதாலும் இருக்கலாம். செத்து அழுகி, கிருமி பெருகிக் கலங்கியதாகவும் இருக்கலாம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தத் தொகுதியில் பாதிக்கு மேல் ஓட்டில் ஒட்டிக்கொண்டன என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மிதவைக்காரர்கள் கயிறு கட்டினார்கள். வழக்கமான அளவு இல்லை. ஆனாலும் கட்டினார்கள். கட்டடம் பூட்டப்படவில்லை. கற்களை யாரும் வேகவைப்பதில்லை. கடல் மட்டும் ஆறவில்லை. அதற்கடுத்த வருஷமும் மிதவையில் சிப்பிகள் வாயைப் பிளந்தன. வெயில் காலம் நெருங்கினால் அண்ணிக்கு இன்னமும் தூக்கம் வருவதில்லை. பயம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அமுக்குணியும் நம்ப மாட்டாள்.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அமுக்குணி ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். மைக்ரோஸ்கோப்பின் விளக்கைப் போட்டாள். அவள் குனியப் போகும்போது அண்ணி பின்னாலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு கையை மேசைமேல், அமுக்குணியின் பக்கமாக வைத்தாள்.

"அமுக்குணி, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்க அண்ணி."

"நீ பாத்து முடிக்கற வரைக்கும் இந்தக் கையப் புடிச்சுக்கோ. விட்டா கழுவப் போயிடுவேன்."